படைவீரர் ஏட்டிற் பிழை திருத்தம்

(காங்கேயத்தில் நடைபெற்ற நம் சங்கத்தின் ஆண்டுக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



இன்று எமக்குக் குறிக்கப்பெற்ற பொருள், படைவீரர் ஒருவருடைய பணியேட்டில் விடுபட்டுப்போன பதக்கங்களைச் சேர்ப்பித்தல் எவ்வாறு என்பதாகும். தமிழ் கற்பித்தலையே தொழிலாகக் கொண்ட யாம் நூற்பொருளை விடுத்து அலுவலகத் தாள்களைப் பற்றிப் பேச வந்தது சிலர்க்கு வியப்பாகத் தோன்றலாம். இத்துறையில் யாம் வலிந்து புகுந்தேமல்லேம். கடந்த சில ஆண்டுகளாக நம் காங்கேயத்தைச் சூழ்ந்த ஊர்களிலிருந்து முதிய படைவீரர் சிலர் எம் வீட்டுத் திண்ணைக்கு வந்து, "ஏனுங்க வாத்தியாரே, ஒரு மனு எழுதித் தர வேணுமுங்க" என்று கேட்கலாயினர். எழுதத் தெரிந்தவர் என்னும் ஒரு காரணமே பற்றி எம்மை நாடினர். எழுதினோம், பிழைபட எழுதினோம், திருத்தி எழுதினோம், அதனாற் சில கற்றோம். கற்றவற்றை உங்கள்பால் ஒப்படைப்பதே இவ்வுரையின் நோக்கமாம்.

முதற்கண் ஒரு வினா எழும். போர்கள் முடிந்து ஐம்பது அறுபது ஆண்டுகள் சென்றன. இனி ஒரு பதக்கம் ஏட்டில் ஏறினாலென்ன, ஏறாவிடிலென்ன என்பர் சிலர். நிலத்துக் கணக்கில் நாம் இங்ஙனம் கேட்கின்றோமா? பட்டாவில் ஒரு செண்டு குறைந்திருப்பின் கிராம அலுவலரிடத்தும் வட்டாட்சியரிடத்தும் நடையாய் நடக்கின்றோம். நில அளவைக்காரரை அழைத்து எல்லைக்கல் நடுகின்றோம். கண்ணபுரத்துச் சந்தையில் ஒரு காளைக்கன்று வாங்குவதாயின், பல்லையும் சுழியையும் கொம்பையும் பார்த்து, அது பிறந்த பட்டியையும் வினவிய பின்னரே துண்டுக்குள் கைவிட்டு விலை பேசுகின்றோம். மண்ணுக்கும் மாட்டுக்கும் இத்துணைக் கணக்குப் பார்க்கும் நாம், ஒரு மனிதன் தன் உயிரைப் பணயமாக வைத்த நாள்களின் கணக்கில் மட்டும் "போனாற் போகட்டும்" என்போமாயின், அது பெருந்தன்மை ஆகாது, மறதியேயாகும்.

நம் முன்னோர் இவ்வகையில் மறதியுடையரல்லர். போரில் வீழ்ந்த மறவனுக்குக் கல் நடும் முறையைத் தொல்காப்பியர் புறத்திணையியலில் வகுத்துரைத்தார். தக்க கல்லைத் தேடிக் காணுதல் காட்சி, நாள் பார்த்துத் தொடங்குதல் கால்கோள், கல்லை நீராட்டுதல் நீர்ப்படை, அதன்பின் நடுதல், படையலிட்டுச் சிறப்புச் செய்தல் பெரும்படை, முடிவில் வாழ்த்து. இளங்கோவடிகளும் வஞ்சிக் காண்டத்துக் காதைகளுக்கு இம்முறை பற்றியே பெயரிட்டார். அக்கல்லில் வீரனுடைய பெயரும் அவன் செயலும் பொறிக்கப்பெற்றன என்பது சங்கப் பாடல்களால் அறியக்கிடக்கின்றது. நம் கொங்குநாட்டிலோ, ஊர்மாட்டைக் காக்கப் புலியொடு பொருது மாண்டவர்க்கு எடுத்த புலிகுத்திக்கற்கள் இன்றும் பலவிடத்தும் காட்டிலும் மேட்டிலும் நிற்கின்றன.

2006-ஆம் ஆண்டு தேனி மாவட்டத்துப் புலிமான்கோம்பையில் தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தார் மூன்று நடுகற்களைக் கண்டெடுத்தனர். அவை தமிழ்ப் பிராமி எழுத்துப் பொறித்தவை. இரண்டாயிரம் ஆண்டுக்கு மேற்பட்டவை என்று அறிஞர் கூறுவர். அவற்றுள் ஒன்று, கூடலூரில் நிகழ்ந்த ஆகோட் பூசலில் மாண்ட அந்தவன் என்பானைப் பெயர் சொல்லிக் குறிக்கின்றது. மற்றொரு கல்லோ சிதைந்துபோயிற்று. எழுத்திற் சில அழிந்தமையால் அதற்குரியவன் பெயரை முழுதும் படித்தற்கு இயலவில்லை. இருவரும் உயிர் கொடுத்தவரே. ஒருவன் பெயர் நம் நாவில் வழங்குகின்றது. மற்றவன் பெயர் கல்லின் உடைவோடு போயிற்று. இக்காலத்துப் படைவீரனுக்கு அவனுடைய பணியேடே அக்கல்லாகும். அவ்வேட்டில் ஓர் எழுத்துக் குறையினும் அது கல் உடைந்ததற்கு நிகராம்.

நிற்க. ஏட்டிற் பிழை நேர்தல் எளிய வீரர்க்கு மட்டும் உரியதென்று எண்ணற்க. நம் கொங்குக்கு மேற்கே மலைகளுக்கு அப்பாலுள்ள குடகு நாட்டிற் பிறந்தவர் அஜ்ஜமாட பொப்பய்ய தேவய்யா என்னும் விமானப்படை வீரர். 1965-ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்கள் 7-ஆம் நாள், பாகிஸ்தானின் சர்கோதா விமானத் தளத்தைத் தாக்க ஆதம்பூரிலிருந்து சென்ற மிஸ்டேர் விமானங்களுள் ஒன்றை அவர் ஓட்டினார். அவர் திரும்பவில்லை. அவர்க்கு யாது நேர்ந்ததென்று நம் பக்கத்தார் எவரும் கண்டிலர். "காணப்படவில்லை" என்னும் அளவில் ஏடு முடிந்தது.

பதினான்கு ஆண்டுகள் கழிந்தன. 1979-ஆம் ஆண்டு ஜான் ஃபிரிக்கர் என்னும் ஆங்கில எழுத்தாளர் அப்போரில் நிகழ்ந்த வான்சண்டைகளைப் பற்றிப் பாகிஸ்தான் தரப்பினின்று ஒரு நூல் வெளியிட்டார். அந்நூலால் ஒரு செய்தி வெளிப்பட்டது. அன்று ஓர் இந்திய மிஸ்டேர் விமானம், தன்னினும் விரைவில் மிக்க ஸ்டார்ஃபைட்டர் என்னும் விமானத்தால் அடியுண்ட பின்னும் புறங்கொடாது எதிர்த்து நின்று, அதனைச் சுட்டு வீழ்த்தியது. வீழ்ந்த விமானத்தின் வீரர் குடைமிதவையாற் குதித்து உயிர் பிழைத்தார். அன்று திரும்பாத விமானங்களையும் நிகழ்ச்சிகளையும் ஒப்புநோக்கியபோது, அங்ஙனம் பொருதவர் தேவய்யாவே என்பது துணியப்பட்டது. 1988-ஆம் ஆண்டு அவர்க்கு மகாவீர் சக்கரம் வழங்கப்பெற்றது. நிகழ்ச்சிக்கும் விருதுக்கும் இடைப்பட்ட காலம் 23 ஆண்டுகள்.

இதனால் நாம் அறியற்பாலன இரண்டு. வீரம் உண்மையாயினும் சான்று இல்லையேல் ஏடு பேசாது என்பது ஒன்று. சான்று எங்கிருந்து வரினும், பகைவர் பக்கத்தினின்று வரினும், எத்துணைக் காலந்தாழ்த்து வரினும், அதனைக் கொண்டு ஏட்டைத் திருத்துதல் கூடும் என்பது மற்றொன்று.

இனி, எளிய வீரரின் பதக்கங்களைப் பற்றிக் கூறுவோம். பதக்கம் பெரும்பான்மையும் இருவகைத்து. பரம்வீர் சக்கரம், மகாவீர் சக்கரம், வீர் சக்கரம் முதலியன தனியொருவர் ஆற்றிய அருஞ்செயலுக்கு அரசு மதிப்பளித்து வழங்குவன. அவற்றை இன்னார்க்குக் கொடுக்க என்று நாம் மனுவெழுதிப் பெறுதல் அரிது. மற்றொரு வகை, இன்ன காலத்தில் இன்ன களத்தில் பணிசெய்தவர் அனைவர்க்கும் உரியது. 1965-ஆம் ஆண்டுப் போர்க்களத்திற் பணியாற்றினோர்க்குச் சமர் சேவா நட்சத்திரம். அக்காலத்துப் படையிலிருந்தோர்க்கு ரக்ஷா பதக்கம். 1971-ஆம் ஆண்டு கிழக்குக் களத்திற்குப் பூர்வி நட்சத்திரம். மேற்குக் களத்திற்குப் பச்சிமி நட்சத்திரம். அப்போதைய படையினர்க்குப் பொதுவாகச் சங்கிராம் பதக்கம். 1972-ஆம் ஆண்டு விடுதலை வெள்ளிவிழாப் பதக்கம். 1999-ஆம் ஆண்டுக் கார்கில் போருக்கு ஆபரேஷன் விஜய் நட்சத்திரமும் பதக்கமும். இவை விருப்பத்தாற் கொடுக்கப்படுவன அல்ல, தகுதியாற் சேர்வன. ஆதலின் தகுதியுடையார் ஏட்டில் இவை இல்லாதிருத்தல் பிழையே. அப்பிழையைத் திருத்துமாறு கேட்டல் உரிமையே. இவற்றால் மாதந்தோறும் பணம் வருவதில்லை என்பதையும் இங்கே சொல்லிவிடுகின்றோம். பணம் கருதி எவரும் இவற்றைக் கேட்டிலர்.

இவை ஏன் விடுபடுகின்றன? போர் நிகழும்போது பதக்கம் ஏற்படுவதில்லை. போர் முடிந்த பின்னரே அரசு அதனை ஏற்படுத்துகின்றது. அதன்பின் ஒவ்வோர் அணியும் தகுதியுடையார் பட்டியலை ஆக்கி, பகுதி இரண்டு ஆணை என்னும் தாளில் வெளியிட்டு, தன் படைப்பிரிவின் பதிவகத்துக்கு அனுப்பும். பதிவகத்தார் அதனைப் பார்த்து ஒவ்வொருவர் ஏட்டிலும் பதிவர். இதற்கிடையில் வீரர் ஒருவர் வேறு அணிக்கு மாற்றப்பட்டிருப்பின், பழைய அணியார் "அவர் இங்கில்லை" என்று விடுவர். புதிய அணியார் "அவர் அப்போது எம்மிடமில்லை" என்று விடுவர். மருத்துவமனையிற் கிடந்தவரும், அணி கலைக்கப்பட்டவரும், படை எண்ணில் ஓரிலக்கம் மாறி எழுதப்பட்டவரும் இவ்வாறே விடுபடுவர். தீங்கு நினைந்து செய்தார் எவருமில்லை. எனினும் விடுபட்டது விடுபட்டதே.

எம்மிடம் வந்த பெரியவர் ஒருவரின் வரலாறு இதனை நன்கு விளக்கும். அவர் பெயரையும் படைப்பிரிவையும் இங்குச் சொல்ல வேண்டுவதில்லை. 1962-ஆம் ஆண்டுச் சீனப் போரின்பின் மறுவாண்டு படையிற் சேர்ந்தவர்; பதினைந்து ஆண்டு பணிசெய்து ஓய்வூதியத்துடன் ஊர் திரும்பி, மானாவாரி நிலத்தில் சோளமும் கொள்ளும் விளைத்து வாழ்பவர். 1965-ஆம் ஆண்டு பஞ்சாபின் எல்லைக்கு வெடிமருந்து ஏற்றிச் செல்லும் வண்டியை ஓட்டினார். போர் நின்ற அடுத்த மாதத்தில் மஞ்சட்காமாலை கண்டு படைமருத்துவமனையிற் சேர்க்கப்பட்டார். நலம்பெற்ற பின் வேறோர் அணிக்கு மாற்றப்பட்டார். நம் ஊரார் டிஸ்சார்ஜ் புத்தகம் என்று வழங்கும் விடுவிப்பு ஏட்டில் ரக்ஷா பதக்கம் இருந்தது. சமர் சேவா நட்சத்திரம் இல்லை.

அவர்க்காக யாம் எழுதிய முதல் மனு நான்கு பக்கம். அதில் புறப்பொருள் இலக்கணம் இருந்தது. மறக்குடிச் சிறப்பு இருந்தது. பெரியவருடைய படை எண் மட்டும் இல்லை! ஒரு மாதத்தின்பின் ஒரே வரியில் விடை வந்தது: எண் தெரிவிக்கவும் என்று. எம் புலமையின் பயன் அவ்வளவே. அன்றிலிருந்து மனு எழுதுங்கால் உவமையை விட்டு எண்ணைப் பற்றிக்கொண்டோம்.

இரண்டாம் மனுவும் திரும்பி வந்தது. காரணம், பெயர். படையிற் சேர்ந்த நாளில், பெயரின் இறுதியில் ஒரு குடும்பப்பெயர் வேண்டுமென்று கேட்ட எழுத்தர்க்கு இவர் "கவுண்டர்" என்று கூற, அதுவே பெயராகப் பதிவாயிற்று. இவருடைய சொந்தப் பெயர் ஈரெழுத்துச் சுருக்கமாக முன்னே நின்றது. ஆதார் அட்டையிலோ தந்தை பெயரின் முதலெழுத்தும் சொந்தப் பெயருமே உள்ளன. வடநாட்டு முறையும் நம் முறையும் மாறுபட்டமையால் ஒருவர் இருவராயினார். அன்பர்காள்! நம் வகுப்பினர் பலர் வீட்டில் இத்தொல்லை உண்டு. நோட்டரி முன்னர் உறுதிமொழிப் பத்திரம் எழுதி, இரு பெயரும் ஒருவரையே குறிக்கும் என்று நிலைநாட்ட வேண்டியதாயிற்று.

மூன்றாவது தடை சான்று. களத்தில் இருந்தமைக்கு என்ன ஆதாரம் என்று வினவினோம். "வண்டி ஓட்டினவனுக்கு வண்டிதானுங்க சாட்சி, அது எங்கே போச்சோ" என்றார். அப்போது உள்ளிருந்து அவர் மனைவியார் ஒரு தகரப் பெட்டியைக் கொண்டுவந்தார். "எங்க அத்தை எங்கிட்டக் கொடுத்து வெச்சதுங்க, எடுத்துப் பாருங்க" என்றார். 1965-ஆம் ஆண்டு அக்டோபரில், தாம் மருத்துவமனையில் இருப்பதைத் தாயார்க்குத் தெரிவித்து மகன் எழுதிய கடிதம் அதில் இருந்தது. முகவரியில் 56 ஏ.பி.ஓ. என்றும் அணியின் பெயரும் காணப்பட்டன. கடிதத்தின் மடிப்புக்குள் மருத்துவமனைச் சீட்டு ஒன்றும் இருந்தது. அத்தாய் எழுத்தறியாதவர், பக்கத்து வீட்டார் படிக்கக் கேட்டவர். எனினும் இத்தாள் என்றேனும் வேண்டப்படும் என்று அவர்க்குத் தோன்றியது போலும்! தாம் இறக்கும் காலத்தில் மருமகளிடம் ஒப்படைத்தார். மருமகளும் ஐம்பதாண்டு காத்தார். தொல்காப்பியர் கூறிய காட்சியை அன்று யாம் கண்ணாற் கண்டோம்.

இங்கு ஒன்று நினைவிற் கொள்க. அக்கடிதம் தானே முடிந்த சான்றாகாது. ஆயினும் இன்ன அணியின் இன்ன மாதத்துப் பட்டியலிற் பாருங்கள் என்று பதிவகத்தார்க்கு வழிகாட்டும் கைகாட்டி மரம் அது. தேடுவார்க்கு இடத்தைக் காட்டினால் தேடுவர். எங்கும் தேடுக என்றால் எங்கும் தேடார்.

மூன்றாம் மனு ஒரே பக்கத்தில் முடிந்தது. அதில் பெரியவர் விருப்பப்படி இன்னொரு பதக்கத்தையும் கேட்டிருந்தோம். 1971-ஆம் ஆண்டு அவர் நடு இந்தியாவிலுள்ள கிடங்கு ஒன்றில் இரவும் பகலும் இரயில் வண்டிகளிற் போர்த்தளவாடம் ஏற்றினார். ஆதலின் நட்சத்திரத்துக்குத் தாமும் உரியர் என்று நம்பியிருந்தார். பதினான்கு மாதம் கழித்து விடை வந்தது. 1965-ஆம் ஆண்டு நட்சத்திரம் ஏட்டிற் சேர்க்கப்பட்டது. 1971-ஆம் ஆண்டு நட்சத்திரம் அறிவிக்கப்பட்ட களப்பகுதியிற் பணியாற்றினோர்க்கே உரியதாகலின் இயலாது. அவ்வாண்டுக்குரிய சங்கிராம் பதக்கம் முன்னரே பதிவாகியுள்ளது.

யாம் வருந்தினோம், மேலும் எழுதுவோமா என்று கேட்டோம். பெரியவர் சிறிது நேரம் பேசாதிருந்து, "வேண்டாமுங்க வாத்தியாரே. அது நம்முளுது இல்லீங்க" என்றார். பதக்கம் கைக்கு வந்தபின் குடியரசு நாளன்று எம் பள்ளியிற் கொடியேற்ற அவரை அழைத்தோம். பதக்கங்களை அணிந்து வந்தார். உடனிருந்த ஆசிரியர் ஒருவர் விளையாட்டாக, "பெரியவரே, மற்ற நட்சத்திரமும் கடையிலே கிடைக்கிறதே, வாங்கிக் குத்திக்கொண்டால் யாருக்குத் தெரியப்போகிறது?" என்றார். "எனக்குத் தெரியுமுங்களே" என்றார் பெரியவர்.

அன்பர்காள்! ஏடு திருத்தும் பணியின் அறம் முழுதும் இவ்விரு சொல்லில் அடங்கிவிட்டது. பெருமையைக் கூட்டுதற்கு ஏடு திருத்துகின்றோமல்லேம். உண்மையை நிறுத்துதற்கே திருத்துகின்றோம். உள்ளதைச் சேர்க்க உரிமை கேட்பவன், இல்லாததைச் சேர்க்காதிருக்கும் கடனையும் உடன் ஏற்கின்றான். ஒரு பொய்ப்பதக்கம் ஏறுமாயின், அருகிருக்கும் உண்மைப் பதக்கங்கள் அனைத்தும் ஐயத்துக்கு இடமாகும்.

இனிச் செய்யவேண்டும் முறையைச் சுருங்கக் கூறுதும்.

முதலாவது, விடுவிப்பு ஏட்டை எடுத்துப் பதக்கம் குறித்த பக்கத்தைப் படிக்க. பதக்கம் தொலைந்துபோதல் வேறு. ஏட்டிலேயே இல்லாதிருத்தல் வேறு. ஏட்டில் இருந்து பொருள் தொலைந்திருப்பின் மாற்றுப் பதக்கம் கேட்டல் போதும். ஏட்டில் இல்லையேல் திருத்தமே கேட்க வேண்டும்.

இரண்டாவது, மனுவில் எழுதவேண்டுவன: படை எண், பதவி, விடுவிப்பு ஏட்டில் உள்ளவாறே பெயர், படைப்பிரிவு, சேர்ந்த நாள், விலகிய நாள், போர்க்காலத்துச் சார்ந்திருந்த அணி, அது நின்ற இடம், கேட்கும் பதக்கத்தின் பெயர். விடுவிப்பு ஏடு, ஓய்வூதிய ஆணை ஆகியவற்றின் படிகளையும், கடிதம், மருத்துவமனைச் சீட்டு, படத்தின் பின்னெழுத்து போன்ற சான்றின் படிகளையும் இணைக்க. மூலத்தை ஒருபோதும் அனுப்பற்க.

மூன்றாவது, மனு செல்லவேண்டிய இடம் அவ்வவர் படைப்பிரிவின் பதிவகம். மதராஸ் ரெஜிமெண்டினர்க்கு நீலகிரியிலுள்ள வெலிங்டன். மதராஸ் சேப்பர்ஸ் எனப்படும் பொறியாளர்க்குப் பெங்களூரு. பீரங்கிப் படையினர்க்கு நாசிக். சிக்னல் படையினர்க்கு ஜபல்பூர். மின்பொறி இயந்திரப் படையினர்க்குச் செகந்தராபாத். மருத்துவப் படையினர்க்கு இலக்னோ. மாவட்டத்து முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தின் வாயிலாக அனுப்புதல் நலம். முகவரியும் படிவமும் ஆங்குக் கிடைக்கும். அனுப்பியதற்குப் பதிவஞ்சற் சீட்டை வைத்துக்கொள்க.

நான்காவது, விடையின்றேல் நினைவூட்டுக. தம் ஏட்டில் உள்ளது யாது என்று 2005-ஆம் ஆண்டுத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்படி கேட்கலாம். முடிவாக மறுத்த ஆணை நேர்மையற்றதென்று தோன்றின், 2007-ஆம் ஆண்டுச் சட்டத்தால் அமைந்த ஆயுதப்படைத் தீர்ப்பாயம் உண்டு. அதன் கிளை சென்னையில் இருக்கின்றது. ஆறு மாதக் காலவரம்பு உண்டாகலின் வாளாவிருத்தல் கூடாது. கார்கில் போரில் ஒரு பிரிகேடுக்குத் தலைவராயிருந்த தேவிந்தர் சிங் என்பார், தம் போர்ச்செயல் ஏட்டிற் குறைத்து எழுதப்பட்டதென்று முறையிட, 2010-ஆம் ஆண்டு அத்தீர்ப்பாயம் அவ்வேட்டைத் திருத்துமாறு ஆணையிட்டது. உயர் அலுவலர்க்கே அங்குச் சென்று திருத்தம் பெறவேண்டியிருந்தது என்றால், எளியவர் நாணுதற்கு என்ன இருக்கின்றது?

ஐந்தாவது, காலம். இதுவே எல்லாவற்றினும் பெரிது. ஓய்வூதியம் பெறாது விலகிய வீரரின் பணித்தாள்கள் 25 ஆண்டு வைத்திருந்து பின் அழிக்கப்படும் என்பது படைவிதி. எம்மிடம் வந்த இளைஞர் ஒருவருடைய பாட்டனார் இரண்டாம் உலகப்போரிற் பர்மாக் களத்திற் பணிசெய்து 1946-ஆம் ஆண்டு ஓய்வூதியமின்றி வீடு திரும்பியவர். வீட்டில் இருந்த சான்றிதழைக் கரையான் அரித்துவிட்டது, எண்ணும் தெரியவில்லை. தாள் இல்லை என்றே விடை வந்தது. அவ்விடையிற் பிழை கூற இயலவில்லை. நாற்பதாண்டுக்கு முன்னர் அவ்வீட்டில் ஒருவர் அந்த எண்ணை ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதி வைத்திருப்பாராயின் நாம் தேடத் தொடங்குதற்கு ஓரிடம் கிடைத்திருக்கும். இன்று அப்பேரன் கையில் இருப்பது, பாட்டனார் பர்மாவுக்குப் போனார் என்னும் ஒரு வாக்கியமே.

இஃது ஒரு வீட்டின் இழப்பன்று. முதல் உலகப்போரில் மாண்டவர்களை நினைவுகூரும் காமன்வெல்த் போர்க்கல்லறை ஆணையம், 2021-ஆம் ஆண்டு தன் பழங்கணக்கைத் தானே ஆராய்ந்து ஓர் அறிக்கை வெளியிட்டது. ஆசியாவிலும் ஆப்பிரிக்காவிலும் மாண்ட இந்தியர், ஆப்பிரிக்கர் முதலியோருள் 45,000 முதல் 54,000 பேர் வரை மற்றவர்க்கு நிகராகச் சிறப்பிக்கப்படவில்லை என்றும், குறைந்தது 1,16,000 பேர் பெயர் சுட்டியோ முற்றிலுமோ நினைவுகூரப்படவில்லை என்றும் அது ஒப்புக்கொண்டு வருத்தம் தெரிவித்தது. பெயர் எழுதப்படாதவர் பலர்க்கு நூறாண்டு கழித்துப் பெயர் தேடுகின்றனர். அங்ஙனம் தேடப்படும் பெயர்களுள் எத்தனை தமிழ்ப் பெயர்களோ! உயிரோடிருப்பார் பெயரை உயிரோடிருக்கும்போதே சரிபார்த்தல் எத்துணை எளிது என்பதை எண்ணிப் பாருங்கள்.

ஆதலின் நம் சங்கத்தார்க்கு யாம் செய்துகொள்ளும் விண்ணப்பம் மூன்று. ஊர்தோறும் படையிற் பணிசெய்தவர், அவர்தம் மனைவியர் ஆகியோர் பெயரை ஒரு பதிவேட்டில் எழுதுக. அதில் படை எண்ணும், படைப்பிரிவும், பணிசெய்த ஆண்டும் இருத்தல் வேண்டும். கல்லூரியிற் படிக்கும் நம் பிள்ளைகள் விடுமுறையில் அம்முதியோர் இல்லங்களுக்குச் சென்று விடுவிப்பு ஏட்டைப் படித்துக் காட்டி, விடுபட்டது உண்டா என்று பார்க்குக. உண்டேல் மனு எழுதிக் கொடுக்குக. இதனை நம் வகுப்பார்க்கு மட்டும் என்று வரையறுத்தல் வேண்டா. களத்தில் ஒரே வண்டியில் ஏறிச் சென்றவர்க்குச் சாதி கேட்கப்படவில்லை. திண்ணையில் மனு எழுதும்போது நாம் கேட்பது நன்றன்று. மூன்றாவது விண்ணப்பம் தாய்மார்களுக்கு. வீட்டைச் சுத்தம் செய்யும்போது, பழந்தாள் என்று எதனையும் எறிந்துவிடாதீர்கள். ஒரு தகரப் பெட்டி ஒரு வீரருடைய கணக்கைத் தீர்த்ததை யாம் கண்டோம்.

தீரன் சின்னமலை பிறந்த மண் இது. 1805-ஆம் ஆண்டு சங்ககிரியில் அவரைத் தூக்கிலிட்ட கும்பினியார் அவர்க்குப் பதக்கம் கொடுத்தாரல்லர். நம் மக்களே அவர் பெயரைக் கதையாகவும் பாட்டாகவும் சொல்லிச் சொல்லிக் காத்தனர். அத்தகைய நினைவுடைய நாட்டில், உயிரோடிருக்கும் ஒரு முதியவரின் ஏட்டில் ஒரு வரி குறைந்திருப்பதைக் கண்டும் காணாதிருத்தல் நமக்குத் தகாது.

இக்கூட்டம் கலைந்து வீடு சென்றதும், உங்கள் வீட்டிலோ அடுத்த வீட்டிலோ படைவீரர் ஒருவர் இருப்பின், அவர்பாற் சென்று அந்த ஏட்டை எடுத்துவரச் சொல்லிப் படியுங்கள். அவர் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். அவ்வளவு செய்தால் எம் உரைக்கு அதுவே பயனாகும்.